கிரயமும் கதையும்: எழுத வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சிறிய அறையில் 28 ஆண்டுகளாகக் கிரயம், ஒத்தி, பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட் என்று எழுதி வருகிறேன். அதே ஆண்டுகளில் நான்கு சிறுகதைத் தொகுப்புகளும் ஒரு நாவலும் வெளிவந்திருக்கின்றன. கதை எழுத ஆசைப்படுகிற இளைஞர்கள் பலர் அந்த அறைக்கே தேடி வருகிறார்கள். பத்திரத்துக்கு வந்தவர்கள் காத்திருக்கும்போது அவர்களுக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. ஆகையால் அடிக்கடி கேட்கப்படுபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எழுத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா?

தமிழில் கதை எழுதி மட்டும் குடும்பம் நடத்துவது மிகவும் கடினம். கணக்கைப் பாருங்கள். உங்கள் நாவலின் விலை 200 ரூபாய். பத்து சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதிகள் விற்றால் 10,000 ரூபாய். ஒரு புதிய எழுத்தாளருக்கு 500 பிரதிகள் விற்பது நல்ல விற்பனை. மூன்று ஆண்டு எழுதிய நாவலுக்குக் கிடைப்பது இது. அதுவும் கணக்கு ஒழுங்காக வந்தால்.

இது இன்று புதிதாக வந்த துன்பம் இல்லை. புதுமைப்பித்தன் ஊழியன், தினமணி, தினசரி என்று பத்திரிகை அலுவலகங்களில் உழைத்துக்கொண்டேதான் அந்தக் கதைகளை எழுதினார். பிறகு சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். காசநோய் வந்து 1948-ல் தமது 42-ஆம் வயதில் காலமானார். அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்ட பிறகு எழுத்தையே வாழ்வாகக் கொண்டார். அதன் விலை என்ன என்பது அவருடைய கட்டுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். கி. ராஜநாராயணன் இடைசெவலில் விவசாயம் பார்த்தார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். தி. ஜானகிராமன் ஆசிரியராகவும் பிறகு வானொலியிலும் இருந்தார். பூமணிக்குக் கூட்டுறவுத் துறை, வண்ணதாசனுக்கு வங்கி. ஜெயகாந்தனைப் போல எழுத்தாலேயே நிமிர்ந்து நின்றவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியல் மிகவும் சிறியது.

பிழைப்புக்கு ஒரு வேலையைத் தேடிக்கொள்ளுங்கள். அதற்காக எழுத்தைப் பொழுதுபோக்கு என்று சொல்லாதீர்கள், பிறர் சொல்லவும் விடாதீர்கள். கூலி குறைவாக இருப்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது.

எந்த வேலை எழுத்துக்கு ஒத்துவரும்?

உடம்பை அடியோடு முறிக்காத எந்த வேலையும் ஒத்துவரும். சிலர் மொழியோடு தொடர்புள்ள வேலைதான் நல்லது என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நாள் முழுவதும் விளம்பர வாசகம் எழுதுகிறவர் இரவில் கதைக்கு உட்காரும்போது கையில் ஏற்கெனவே களைத்துப்போன சொற்கள்தான் இருக்கும்.

என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது இடத்தைச் சொல்லும் முறை. பத்திரத்தில் ‘அழகான தென்னந்தோப்பு’ என்று எழுத முடியாது. இன்னார் மனைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, கீழ்மேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி, அதிலுள்ள கிணற்றில் பாதிப் பாத்தியம், வண்டிப் பாதையில் நடந்துபோகும் உரிமை என்று எழுத வேண்டும். அந்தப் பாதிக் கிணற்றுக்குள் அண்ணன் தம்பி இருவரின் முப்பது ஆண்டு வருத்தம் கிடக்கும். அதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. ‘பாதி’ என்ற சொல்லே சொல்லிவிடும். என் முதல் கதை அப்படி ஒரு சொத்து விவரத்திலிருந்துதான் பிறந்தது.

எப்போது எழுதுவது? நேரமே கிடைப்பதில்லையே?

நான் அதிகாலை நாலரை முதல் ஆறு வரை எழுதுகிறேன். உங்களுக்கு இரவு சரிப்படலாம். எந்த நேரமாக இருந்தாலும் வீட்டில் இருப்பவர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள். என் மனைவி அந்த ஒன்றரை மணி நேரம் எவரையும் என்னிடம் வர விடமாட்டாள். அந்தக் காவல் இல்லாவிட்டால் ஐந்து புத்தகங்களும் இல்லை. பெண்களுக்கு அப்படிக் காவல் நிற்க வீட்டில் ஆள் இருப்பது அரிது. என்னைப் பார்க்க வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது கதையைப் பற்றியல்ல, காலையில் அடுப்பை யார் பற்றவைக்கிறார்கள் என்பதைத்தான்.

திருத்தி எழுதுவது அவசியமா? முதலில் வருவதுதானே உண்மையான உணர்ச்சி?

இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சலிப்பதில்லை, ஏனென்றால் எழுத்தின் வேலை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தாலோ இடையில் சேர்த்தாலோ அதைத் தனியே குறித்துச் சான்றொப்பம் இட வேண்டும். அதனால் ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று எழுத முடிந்தால் எங்களுக்கு நிம்மதி. கதையில் எல்லாம் தலைகீழ். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்துப் படியை யாராவது கொடுத்தால் எனக்குக் கவலையாகிவிடும்.

ஒரு சிறிய எடுத்துக்காட்டு. என் கதை ஒன்றில் தாத்தா இறந்த பிறகு வீடு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. முதலில் இப்படி எழுதினேன்:

‘தாத்தா போன பிறகு வீடே வெறிச்சோடிவிட்டது. ஒவ்வொரு மூலையிலும் அவருடைய நினைவு நிறைந்திருந்தது. பாட்டி பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.’

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தத் தாத்தா யார்? இது எந்த வீடு? யார் இறந்தாலும் எந்த வீட்டுக்கும் இதை எழுதிவிடலாம். இரண்டாம் முறை அவருடைய சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்தேன். தமிழ்க் கதைகளில் காலியான சாய்வு நாற்காலிகள் ஏற்கெனவே ஏராளம். அதை அடித்தேன். பிறகு சில நாட்கள் ஒன்றும் எழுதாமல், அந்த வீட்டுக்கு யார் யார் வந்து போவார்கள் என்று மட்டும் யோசித்தேன். மோர்க்காரி, சலவைக்காரர், வாரம் ஒரு முறை வெற்றிலைக்காரர். நான்காம் முறை இப்படி வந்தது:

‘வெள்ளிக்கிழமை வெற்றிலைக்காரர் வழக்கம்போல ஒரு கவுளியைத் திண்ணையில் வைத்தார். பாட்டி பாதியை எண்ணி எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.’

ஐந்தாம் முறை கடைசி வாக்கியத்தை நீக்கினேன். வெற்றிலையை எண்ணுகிற பாட்டிக்குக் கண் கலங்கியதா என்பதை வாசிப்பவர் பார்த்துக்கொள்வார்.

இதோடு முடியவில்லை. கதையைப் படித்த நண்பர் ஒருவர், ‘கணவர் போன பிறகு அந்தப் பாட்டி வெற்றிலை போடுவாளா?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் கைம்பெண்கள் வெற்றிலை போடுகிற வீடுகளும் உண்டு, ஒரு இலையைக்கூடத் தொடாத வீடுகளும் உண்டு. தொடாத வீடாக இருந்தால் அவள் முழுக் கவுளியையும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அது வேறு கதை, இன்னும் கொடிய கதை. என் பாட்டி எந்த வீட்டைச் சேர்ந்தவள் என்பதை அப்போதுதான் நானே முடிவு செய்தேன். அதன்படி கதையின் வேறு மூன்று இடங்களை மாற்ற வேண்டி வந்தது. முதலில் வந்த உணர்ச்சி உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டி யார் என்பது அந்த உணர்ச்சிக்குத் தெரிந்திருக்கவில்லை.

வட்டார வழக்கில் எழுதலாமா? மற்ற மாவட்டத்தார்க்குப் புரியாதே?

தாராளமாக எழுதுங்கள். கரிசல் வழக்கைக் கதையில் எழுதியதோடு நில்லாமல் அதற்கு ஒரு சொல்லகராதியையே தொகுத்தவர் கி. ராஜநாராயணன். அவரைப் படிக்கச் சென்னைக்காரரும் கோவைக்காரரும் தயங்கவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லின் எழுத்தையும் வளைத்து நெளித்து எழுதினால் அது வழக்கு ஆகிவிடாது. அந்த ஊர் மனிதர் எந்தச் சொல்லை முதலில் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், யாரை எந்த முறை வைத்துக் கூப்பிடுகிறார் என்பதில் இருக்கிறது வழக்கு. கேட்டறியாத ஊரின் பேச்சைப் புத்தகத்தில் படித்துவிட்டு எழுதாதீர்கள். ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று தூத்துக்குடிப் பக்கம் போய் அவர்களைச் சந்தித்துப் பேசிவிட்டுத்தான் எழுதினார்.

பத்திரிகைக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. என்ன செய்வது?

மூன்று மாதம் பாருங்கள். ஒரு முறை மரியாதையாக நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அந்தக் கதையை இனி வேறு இடத்துக்கு அனுப்புவதாகத் தெரிவித்துவிட்டு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்பாதீர்கள். தபால் தலை ஒட்டிய உறையோடு அனுப்பிய காலத்தில் கதை திரும்பியாவது வரும். இப்போது மௌனம்தான் பதில். அந்த மௌனத்தில் உங்கள் கதையைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. பெரும்பாலும் அங்கே படிப்பதற்கு ஆள் போதவில்லை என்பதே காரணம்.

பதிப்பகம் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

நான் கொடுத்தேன். என் முதல் தொகுப்புக்கு ஒரு பதிப்பகத்துக்கு மனைவியின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினேன். 500 பிரதிகள் என்று பேச்சு. எத்தனை அடித்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. 150 பிரதிகள் லாரி சர்வீஸில் வந்தன. அவற்றை நான்தான் கல்யாணம், காதுகுத்து என்று போகுமிடமெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைகளில் அந்தப் புத்தகத்தை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

பணத்தை வாங்கிக்கொண்டு, உரிமையையும் வாங்கிக்கொண்டு, விற்பனைக் கணக்கும் தராத இடத்துக்குப் போகாதீர்கள். புத்தகம் உங்கள் செலவில்தான் வர வேண்டும் என்றால் நீங்களே பதிப்பாளராகிவிடுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் நடத்தினார். புத்தகங்களையும் தாமே வெளியிட்டுத் தாமே சுமந்துபோய் விற்றார். தமிழ்ப் புதுக்கவிதை வேர்பிடித்தது அந்தச் சிறிய பத்திரிகையில்தான். இன்று உங்கள் நிலைமை அவருடையதைவிட எளிது. நான் எழுத வந்த காலத்தில், அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையை நம்பி 1,200 பிரதிகள் அடிப்பார்கள். இப்போது தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அச்சிடலாம். புத்தகத்துக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் அரசு அமைப்பு கட்டணமின்றித் தருகிறது. அதற்கு என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் என்று ஒன்று தேவையா? பழகிய பதிப்பாளர்தானே?

பழகியவர் என்பதற்காக ஒன்றரை சென்ட் மனையை வாய்ச்சொல்லில் விற்பீர்களா? அண்ணன் தம்பிக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கே பத்துப் பக்கம் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குகிறோம். ஆனால் மூன்று ஆண்டு எழுதிய நாவலை ஒரு தொலைபேசிப் பேச்சில் கொடுத்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

எங்கள் தொழிலின் சொல்லிலேயே சொல்கிறேன். நிலத்தைக் கிரயமும் செய்யலாம், குத்தகைக்கும் விடலாம். புத்தகமும் அப்படித்தான். எழுதிய நொடியிலேயே அது உங்கள் சொத்து. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. நீங்கள் இருக்கும்வரையும் அதன்பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கும். பதிப்பாளருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது குத்தகை. இத்தனை ஆண்டு, இன்ன வடிவம், இன்ன விகிதம். கிரயம் வேண்டாம்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் எழுத்தாளர் பக்கம் நிற்கிறது. அதன் 19-ஆம் பிரிவை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் அது செல்லாது. எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும்.

கையெழுத்துப் போடும் முன் நான் பார்ப்பவை சில. ‘அனைத்து உரிமைகளும்’ என்ற தொடர் இருந்தால் அடிக்கச் சொல்வேன். அச்சு வேறு, மின்னூல் வேறு, ஒலிநூல் வேறு, மொழிபெயர்ப்பு வேறு, திரைப்படம் வேறு. ஒவ்வொன்றும் தனித்தனி சர்வே எண் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை விற்றவர் கிணற்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு அழக்கூடாது. ராயல்டி விலைக்கு எத்தனை சதவீதம், ஆண்டில் எந்த மாதம் கணக்கு வரும், புத்தகம் கிடைக்காமல் போனால் எத்தனை மாதத்தில் உரிமை திரும்பும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேட்டால் பதிப்பாளர் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்சுகிறீர்கள். நல்ல பதிப்பாளர் கோபிக்க மாட்டார், அவரே தாளை நீட்டுவார். அப்படிப்பட்டவர்களிடம் இரண்டு புத்தகங்கள் கொடுத்திருக்கிறேன். ஆண்டுதோறும் கணக்கு வருகிறது. தொகை சிறியதுதான். ஆனால் அந்தத் தாளைப் பார்க்கும்போது நானும் உழைப்பவன் என்று தெரிகிறது.

மெய்ப்பு யார் பார்ப்பது?

நீங்களும் பார்க்க வேண்டும், இன்னொருவரும் பார்க்க வேண்டும். எழுதியவன் கண் தாளில் இருப்பதைப் படிக்காது, மனத்தில் இருப்பதைத்தான் படிக்கும். நான் ஓர் அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, அடுத்த வரியை மறைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படிப்பேன். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய படியாக இருந்தால் கொம்பு இடம் மாறி நிற்கும் இடங்களைத் தேடுங்கள். மேற்கோள் குறிகளும் அப்போது ஓடிப்போயிருக்கும். ஒற்றெழுத்தைச் சிறியது என்று விட்டுவிடாதீர்கள். ‘வேலை கொடு’ என்றால் உத்தியோகம் கேட்பது. ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்பது. பத்திரத்தில் ஒரு திசை மாறி எழுதப்பட்டதால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதி மறுபடி பதிவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் அடுத்த பதிப்பு வந்தால்தான் திருத்த முடியும். பலருக்கு அடுத்த பதிப்பு வருவதில்லை.

விருது, புத்தகக் காட்சி இவையெல்லாம்?

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கட்டாயம் போங்கள். 1977 முதல் நடக்கிறது. வாசகனாகப் போய் வாங்குங்கள், மற்ற எழுத்தாளர்களின் கையைப் பிடித்து நன்றி சொல்லுங்கள். அதற்குப் புத்தகம் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் காட்சிக்கு வந்தாக வேண்டும் என்று டிசம்பரில் அவசரமாக முடித்த நாவலைப் பிப்ரவரியில் நீங்களே எடுத்துப் படித்துப் பாருங்கள். விருது வந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

எழுதவே வராமல் போனால்?

அம்மா காலமான பிறகு இரண்டு ஆண்டுகள் எனக்கு ஒரு கதையும் வரவில்லை. நாலரைக்கு எழுந்து உட்காருவேன், அவ்வளவுதான். அந்த நாட்களில் எனக்குப் பிடித்த பழைய கதைகளை நோட்டில் அப்படியே பார்த்து எழுதினேன். படிக்கும்போது தெரியாத பல, கையால் எழுதும்போது தெரிந்தன. ஒரு பத்தி எங்கே முடிகிறது, ஏன் அங்கே முடிகிறது என்பதை விரல்தான் முதலில் உணர்ந்தது. வேறு மருந்து எனக்குத் தெரியாது.

வீட்டு மனிதர்களைப் பற்றி எழுதலாமா? அவர்கள் வருந்தினால்?

எழுதாமல் இருக்க முடியாது. நமக்கு நன்றாகத் தெரிந்த மனிதர்கள் அவர்கள்தான். பெயரையும் ஊரையும் மாற்றலாம். ஆனாலும் அவர்கள் தங்களைக் கண்டுகொள்வார்கள்.

எங்கள் குடும்பப் பாகப்பிரிவினையை வைத்து ஒரு கதை எழுதினேன். நிலமெல்லாம் பிரித்து முடிந்த பிறகு முற்றத்தில் பித்தளைப் பாத்திரங்களைப் பரப்பிப் பங்கு வைக்கிறார்கள். சின்ன மருமகள் பெரிய அண்டாவைக் கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் குடும்பம் உடைகிறது. கதையைப் பலரும் பாராட்டினார்கள். என் சித்தி மட்டும் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு துக்க வீட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டாள்: ‘அண்டாவை நான் எங்கே ஐயா கேட்டேன்? உங்கள் பெரியப்பாதானே அதை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்? வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.’

அன்று அந்த முற்றத்தில் நானும் இருந்தேன், பதினோரு வயது. அவள் கேட்டாள் என்றே இத்தனை காலம் நம்பியிருந்தேன். பக்கத்து வீட்டுக் கிணற்றுப் பாத்தியத்தை நாலு பேரிடம் விசாரிக்காமல் எழுதாதவன், இதை ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.

அடுத்த பதிப்புக்காக அந்த ஒரு வரியைத் திருத்தினேன். திருத்தியதும் கதையின் முடிவு நிற்கவில்லை. இப்போது முதல் பக்கத்திலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.